'சாலெம்' என்றால் உம்மென்று இருப்பதா?

கல்யாணத்தைப் பதிவு செய்தவர்கள் வீட்டுப் பீரோவில் ஒரு சான்றிதழ் இருக்கும். வாங்கிய அன்றைக்குப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, இனிஷியல் சரியா என்று பார்த்ததோடு சரி, அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அது வெளியே வரும். அடுத்த முறை எடுக்கும்போது கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன தேதியில் இன்ன இடத்தில் திருமணம் 'சாலெம்னைஸ்' (solemnise) செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நடந்தது, முடிந்தது என்று எழுதினால் போதாதா, எதற்கு இந்தச் சொல்? பள்ளிக்கூடத்தில் நாம் படித்த 'சாலெம்' (solemn) இரங்கல் கூட்டத்துச் சொல். தலைமையாசிரியர் மேடையேறி இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்ததும், வகுப்பு மொத்தமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முகம் வைத்துக்கொள்ளுமே, அதுதான் சாலெம் என்று எனக்குப் பதிந்துபோயிருந்தது. அந்த உம்மணாமூஞ்சிக்கும் மேளதாளத்தோடு நடக்கிற கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தைத் தேடிக்கொண்டு போனால் பழைய ரோமாபுரியில் கொண்டுபோய் விடுகிறது. லத்தீனில் இதன் வடிவம் 'சொல்லெம்னிஸ்'. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஃபெஸ்துஸ் என்று ஓர் அகராதிக்காரர் இருந்தார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பேரப்பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த வெர்ரியுஸ் ஃபிளாக்குஸ் எழுதிய பெரிய சொற்தொகுதியை இவர் சுருக்கி எழுதினார். அந்தச் சுருக்கத்துக்கும் நமக்குக் கிடைத்திருப்பது நெருப்பில் பாதி கருகிப்போன ஒரே ஒரு கைப்பிரதிதான். நம் நல்ல நேரம், இந்தச் சொல் கருகாத பக்கத்தில் தப்பியிருக்கிறது. அவர் கொடுக்கும் பொருள் ரொம்ப எளிமையானது: குறிப்பிட்ட காலத்தில், வருஷா வருஷம் வழக்கமாகச் செய்யப்படுகிற சடங்கு. முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. துக்கமும் இல்லை, கம்பீரமும் இல்லை.

இந்தச் சொல்லின் முன்பாதி 'சொல்லுஸ்'. தெற்கு இத்தாலியில் பேசப்பட்ட ஆஸ்கன் மொழியில் அதற்கு 'முழுவதும்' என்று பொருள் என்பதையும் ஃபெஸ்துஸே சொல்லிவிடுகிறார். பின்பாதியை ரோமர்கள் 'அன்னுஸ்', அதாவது ஆண்டு, என்பதோடு சேர்த்துப் பார்த்தார்கள். இன்றைய மொழியியலாளர்கள் அதை அவ்வளவு சுலபமாக ஏற்பதில்லை, பின்பாதி விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. முன்பாதியில் சண்டை இல்லை. சமஸ்கிருத 'சர்வ', கிரேக்க 'ஹோலோஸ்', லத்தீன் 'சொல்லுஸ்' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. நாம் சர்வகட்சிக் கூட்டம் என்றும் சர்வாதிகாரி என்றும் சொல்கிறோமே, அதே 'சர்வ'. கிரேக்கக் கிளையில் கத்தோலிக்க என்ற சொல் வந்தது, ஹாலோகிராம் வந்தது. லத்தீன் கிளையில் 'சொல்லிகிதுஸ்' என்று ஒன்று உண்டு, முழுக்கக் கலங்கிப்போனவன் என்று பொருள். அதிலிருந்து வந்தவர்தான் சாலிசிட்டர். வழக்குக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும், கலங்குவது யார் என்று.

ஆக, முழுமையாகச் செய்வது, உரிய காலத்தில் திரும்பத் திரும்பச் செய்வது, இந்த இரண்டும்தான் சொல்லின் சரக்கு. ரோமர்கள் அதை எவ்வளவு பிடிவாதமாகச் செய்தார்கள் என்று பார்த்தால்தான் சொல்லின் எடை புரியும். வரலாற்றாசிரியர் லிவி ஒரு ஆணியைப் பற்றி எழுதியிருக்கிறார். வருஷந்தோறும் செப்டம்பர் 13ஆம் தேதி, ரோமின் கேப்பிட்டல் குன்றில் இருந்த யூப்பிட்டர் கோயில் சுவரில் நகரத்தின் தலைமை அதிகாரி ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று ஒரு பழைய சட்டம். எழுத்து அரிதாக இருந்த காலத்தில் ஆணிகளை எண்ணித்தான் வருஷக் கணக்கு வைத்தார்கள் என்று லிவி விளக்கம் சொல்கிறார். எட்ருஸ்கர் ஊரான வோல்சினியியிலும் நோர்த்தியா என்ற தேவியின் கோயிலில் இப்படி ஆணிகள் இருந்தனவாம். கி.மு. 363இல் கொள்ளைநோய் வந்து எதுவும் பலிக்காமல் போனபோது, முன்னொரு காலத்தில் ஆணி அடித்ததும் நோய் தணிந்தது என்று பெரியவர்கள் யாரோ ஞாபகப்படுத்த, அந்த ஒரு ஆணியை அடிப்பதற்காகவே ஒருவரை டிக்டேட்டராக நியமித்தார்கள். நாட்டின் சர்வ அதிகாரமும் கொண்ட பதவி, வேலை ஒரு ஆணி. வந்தவர் ஆணியோடு நிற்காமல் பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் போருக்கும் கிளம்பப் பார்த்ததால் மக்கள் பிரதிநிதிகள் எதிர்த்து நிற்க, பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அது வேறு கதை.

இன்னொன்று கி.மு. 176இல் நடந்தது. ரோமுக்குத் தென்கிழக்கே ஆல்பா மலையில் லத்தீன் ஊர்கள் எல்லாம் ஒன்றுகூடிக் கொண்டாடும் திருவிழா. பலி கொடுக்கும்போது லானுவியம் என்ற ஊரின் அதிகாரி, வேண்டுதலில் 'ரோமானிய மக்களுக்கு' என்ற பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரு சொற்றொடர்தான். விஷயம் செனட்டுக்குப் போய், செனட் அதைப் பூசாரிகள் சபைக்கு அனுப்பி, சபை கூடி, விழா சரியாக நடக்கவில்லை, முழுவதையும் முதலிலிருந்து நடத்துங்கள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. பலி மிருகங்களின் செலவு லானுவியம்காரர்கள் தலையில். போதாக்குறைக்கு அந்த மலையிலிருந்து திரும்பும் வழியில் அந்த வருஷத்துத் தலைமை அதிகாரிகளான கான்சல்களில் ஒருவர் சுருண்டு விழுந்து, உடம்பில் ஒரு பகுதி செயலிழந்து, வெந்நீர் ஊற்றுக்குச் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்தும் போனார். மந்திரத்தில் ஒரு சொல் குறைந்ததன் பலன் என்று ஊரெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நம் ஊராக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்போம்.

அதனால்தான் வேண்டுதல் சொல்லும்போது காவலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். முதல் நூற்றாண்டுக்காரரான மூத்த பிளினி இதை விவரிக்கிறார். பிசகு வரக்கூடாது என்பதற்காக ஒருவர் எழுதிவைத்ததைப் பார்த்து வாசித்துச் சொல்லித்தருவார், இன்னொருவர் ஒழுங்காகச் சொல்கிறார்களா என்று கவனிப்பார், மூன்றாமவர் கூட்டத்தை வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் குழல்காரர் ஊதிக்கொண்டே இருப்பார். குழல் எதற்கு? வேண்டுதலைத் தவிர வேறு சத்தம் காதில் விழக்கூடாது. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மிவிடக்கூடாது, தும்மினாலும் கேட்கக்கூடாது, அபசகுனமாக ஒரு சொல் காதில் விழக்கூடாது என்று விரலை ஆட்டி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கத்துகிறோமே, அதே ஏற்பாடு. அந்த நொடியில் மண்டபத்தில் யார் முகமும் உம்மென்று இருப்பதில்லை, பாதிப் பேர் அட்சதையைக் குறி பார்த்து எறிந்துகொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஆனாலும் ரோமர்களின் கணக்கில் அது சுத்தமான 'சொல்லெம்னிஸ்'.

சொல் ரோமிலிருந்து திருச்சபைக்குப் போனது. அங்கேயும் அது முழுமுறை என்ற அர்த்தத்திலேயே நின்றது. குருவானவர் ஒருவரே அமைதியாக நிறைவேற்றும் பூசை ஒரு வகை. திருத்தொண்டர், துணைத்தொண்டர் எல்லாம் சேர்ந்து, தூபம் போட்டு, பாடி நிறைவேற்றுவது 'மிஸ்ஸா சொலெம்னிஸ்'. பீத்தோவன் இந்தப் பெயரில் ஓர் இசை எழுதியிருப்பதால், சோகமான பூசை போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. தன் மாணவரான இளவரசர் ருடால்ஃப் பேராயராகப் பதவியேற்கும் விழாவுக்காக அவர் எழுத ஆரம்பித்தது அது. பதவியேற்பு 1820 மார்ச்சில் முடிந்துபோனது, இசை முடிய மேலும் சில வருஷங்கள் ஆயின. காலத்தில் செய்வது என்ற நிபந்தனையில் மட்டும் அந்தப் பூசை தோற்றுவிட்டது.

இன்றைய கத்தோலிக்க நாட்காட்டியில் கொண்டாட்டங்களுக்கு மூன்று படிகள். மேல் படி 'சாலெம்னிட்டி'. 1969இல் போப் ஆறாம் பவுல் நாட்காட்டியைத் திருத்தியபோது நிலைபெற்ற வகைப்பாடு இது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இவற்றைப் பெருவிழா, விழா, நினைவு என்று அழகாகச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் பெருவிழா, உயிர்ப்பு ஞாயிறு பெருவிழா, மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டு விஷயம். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சி கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த விதி எழுதப்பட்டிருக்கும் திருச்சபைச் சட்டம் 1251இலேயே விலக்கும் இருக்கிறது: அன்றைக்கு 'சாலெம்னிட்டி' வந்தால் தடை கிடையாது. 2021இல் மார்ச் 19 வெள்ளிக்கிழமை, 2022இல் மங்களவார்த்தைப் பெருவிழாவான மார்ச் 25 வெள்ளிக்கிழமை. சாலெம் என்றால் துக்கம் என்று நினைத்தவர்கள் அந்த இரண்டு நாளும் பருப்பும் ரசமும் சாப்பிட்டிருக்கலாம், விவரம் தெரிந்தவர்கள் பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள்.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. வழியில் ஒரு 'ப்' ஒட்டிக்கொண்டு 'சொலெம்ப்னே' என்று திரிந்தது. பதினாலாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கேன்டர்பரிக் கதைகளில் ஒரு துறவியை அறிமுகப்படுத்தும்போது, ஆள் ஜாலிப் பேர்வழி, குஷியானவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே மிகவும் 'சொலெம்ப்னே' ஆன மனிதர் என்கிறார். அவர் காலத்தில் அது தடபுடலாக, ஆடம்பரமாக, மதிப்பாக என்கிற பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் 'ப்' உதிர்ந்தது. கடைசி 'ன்' எழுத்தில் மட்டும் மிஞ்சி வாயிலிருந்து மறைந்தது, சாலெம்னிட்டி, சாலெம்னைஸ் என்று நீட்டும்போது மட்டும் அது எட்டிப் பார்க்கிறது. முகம் எப்போது உள்ளே நுழைந்தது என்று கேட்டால், என் அபிப்பிராயம் இது: சடங்கு நடக்கும் இடத்தில் நிற்பவன் அரட்டையை நிறுத்துகிறான், செல்லம் கொஞ்சுவதை நிறுத்துகிறான், நிமிர்ந்து நிற்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சடங்கு விளங்குவதில்லை, நிற்பவன் முகம்தான் தெரிகிறது. சடங்குகள் குறையக் குறைய, சொல் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் சட்டத்தில் அப்படி ஆகவில்லை. அங்கேதான் இந்தச் சொல்லின் நிஜமான சாகசம் இருக்கிறது, நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். சத்தியம் செய்யவே செய்யாதே என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லியிருக்கிறார் என்பதால், நீதிமன்றத்தில் கடவுள் மேல் ஆணையிட மாட்டோம் என்று நின்றார்கள். சத்தியம் செய்யாதவனுக்குச் சாட்சி சொல்ல முடியாது, கடன் வசூலிக்க வழக்குப் போட முடியாது, மறுத்தால் சிறை. 1696இல் அவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது, சத்தியத்துக்குப் பதில் ஓர் உறுதிமொழி சொல்லலாம் என்று. அந்த உறுதிமொழியிலும் 'எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில்' என்று இருந்ததால், இதுவும் சத்தியம்தானே என்று அவர்களில் ஒரு சாரார் மறுபடியும் மறுத்தார்கள். 1722இல் வாசகத்தை மாற்றினார்கள். கடவுள் பெயர் வெளியே போனது. அந்த இடத்தில் 'சாலெம்னாக, நேர்மையாக, உண்மையாக அறிவித்து உறுதி கூறுகிறேன்' என்று வந்து உட்கார்ந்தது. கவனியுங்கள், கடவுள் பெயரை எடுக்க வைத்தவர்கள் நாத்திகர்கள் கிடையாது, பக்தி முற்றியவர்கள்.

நாத்திகர்களுக்கு அது கிடைக்க மேலும் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். கடவுள் மேல் ஆணையிட மாட்டேன், உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். கூடாது என்றார்கள். சரி, உங்கள் சத்தியத்தையே எடுத்துத் தொலைக்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாத நீ அதை எடுக்கவும் கூடாது என்றார்கள். ஒரு ராத்திரி பிக் பென் கோபுரத்தில் அடைத்தே வைத்தார்கள். பதவி பறிபோகும், இடைத்தேர்தல் வரும், தொகுதி மக்கள் மறுபடி அவரையே அனுப்புவார்கள். ஆறு வருஷம் இழுத்து, 1886இல்தான் உட்கார விட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, 1888இல் சத்தியப் பிரமாணச் சட்டம் ஒன்றைத் தானே கொண்டுவந்து நிறைவேற்றிக் காட்டினார். யார் வேண்டுமானாலும் கடவுள் பெயர் இல்லாமல் உறுதி கூறலாம். வாசகம்? குவேக்கர்களுக்கு எழுதிய அதே 'சாலெம்னாக, நேர்மையாக, உண்மையாக'. மகா பக்தர்களுக்குத் தைத்த சட்டை நாத்திகருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பிராட்லா நமக்கு அந்நியர் கிடையாது. 1889 பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்திருக்கிறார். 1891இல் அவர் இறந்தபோது, லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போயிருக்கிறார். சென்னையில் 1880களில் இலௌகிக சங்கம் என்று ஒரு நாத்திகக் குழு இருந்தது, 'தத்துவ விவேசினி' என்று தமிழில் ஒரு பத்திரிகையும் நடத்தியது. பிராட்லாவின் இயக்கத்தைப் பார்த்து எழுந்தவர்கள் அவர்கள். சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது வருஷம் முந்தைய கதை இது, நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது.

அந்தச் 'சாலெம்னாக' நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அமைச்சர், எம்.எல்.ஏ., நீதிபதி எல்லாருக்கும் பதவிப் பிரமாணத்தில் ஒரு கோடு போட்டு, மேலே 'கடவுள் பெயரால் ஆணையிட்டு', கீழே 'சாலெம்னாக உறுதி கூறி' என்று இரண்டு வழி கொடுத்திருக்கிறது. தமிழில் இந்தக் கீழ்வரி 'உளமார' ஆயிற்று. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் 'உளமார' என்று சொல்லிப் பதவியேற்றது டிவியில் எல்லாரும் பார்த்ததுதான். 'உளமார' நல்ல தமிழ், காதுக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் பொருள் ஒரு சுற்று உள்ளே போய்விட்டது. ரோமாபுரிச் சொல்லுக்கு உள்ளம் தேவையே இல்லை, சொல்ல வேண்டியதை விடாமல் சொல்லி, செய்ய வேண்டியதை விடாமல் செய்தால் போதும். லானுவியம் அதிகாரியின் மனசு சுத்தமா என்று யாரும் கேட்கவில்லையே.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். நம் நாட்டுத் திருமணச் சட்டங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சொல் பரவிக் கிடக்கிறது. 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில்தான் 'சாலெம்னைஸ்' செய்ய வேண்டும் என்று நேரம்கூடக் குறித்திருக்கிறது, சில விலக்குகள் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் நேர்மாறு: எந்த முறையில் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆனால் திருமண அதிகாரிக்கும் மூன்று சாட்சிகளுக்கும் முன்னால் 'உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன்', 'கணவராக ஏற்கிறேன்' என்ற வாக்கியத்தை இருவரும் சொன்னால்தான் அது நிறைவேறும். மந்திரமும் இல்லை, அக்னியும் இல்லை, ஆனால் தவறாமல் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஏழாவது பிரிவில், இருவரில் ஒருவருடைய வழக்கச் சடங்குகளின்படி 'சாலெம்னைஸ்' செய்யலாம் என்கிறது. ஏழடி வைப்பது அந்த வழக்கத்தில் இருந்தால், ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை.

இது அட்சர சுத்தமாக வழக்குமன்றத்தில் வந்து நின்றது 1965இல். மகாராஷ்டிரத்தில் ஒருவர் முதல் மனைவி இருக்க இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார் என்று வழக்கு. உச்ச நீதிமன்றம் ஆங்கில அகராதியைப் புரட்டி, 'சாலெம்னைஸ்' என்றால் உரிய சடங்குகளோடும் உரிய முறையிலும் நடத்துவது என்று பொருள் எடுத்துக்கொண்டது. அவசியமான சடங்கு நடந்ததாக நிரூபிக்கவில்லை, ஆகவே சட்டப்படி அது கல்யாணமே இல்லை, ஆகவே இருதார மணக் குற்றமும் இல்லை. ஆள் விடுதலை. இரண்டாம் பெண்டாட்டி கட்டும்போது சடங்கில் ஒன்றைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்ற விபரீத வழியை அந்தச் சொல் திறந்துவிட்டது. மந்திரம் குறைந்தால் விழாவே செல்லாது என்ற ரோமாபுரித் தர்க்கத்தை ஒரு கணவன் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

தமிழ்நாட்டில் பிரச்சினை தலைகீழ். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் திருமணம் நடந்தது முதல், ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி மணந்து பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்துவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை, ஆகவே இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று சொன்னதும் எல்லார் நிலைமையும் அந்தரத்தில் தொங்கியது. மணமேடையில் தலைவர் பேசி, மாலை மாற்றி, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணம், சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை இல்லை, பிள்ளைகளுக்கு வாரிசுச் சண்டை.

அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரி 20 முதல் அது சட்டமானது. பிரிவு 7ஏ. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் உன்னை ஏற்கிறேன் என்று சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். முன்பு நடந்த கல்யாணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும். இந்தப் பிரிவை ஆங்கிலத்தில் படிக்கும்போது எனக்குப் பிடித்தது, அவர்கள் 'சாலெம்னைஸ்' என்ற சொல்லைத் தூக்கி எறியவில்லை என்பது. ஒப்பந்தம் என்றோ பதிவு என்றோ எழுதியிருக்கலாம். எழுதவில்லை. புரோகிதரையும் அக்னியையும் வெளியே அனுப்பிவிட்டு, சடங்கின் கனத்தை மட்டும் அந்த மாலைக்கும் மோதிரத்துக்கும் கொடுத்தார்கள். 1722இல் குவேக்கர்களுக்குச் செய்த அதே வேலை, ஊர் மட்டும் கோட்டை.

இதன் கூர்மை 2001இல் தெரிந்தது. திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், ஏழடி வைக்கவில்லை, எனவே நான் மணக்கவே இல்லை என்ற பழைய வழியில் தப்பப் பார்த்தார். விசாரணை நீதிமன்றம் விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் விடவில்லை. தமிழ்நாட்டில் 7ஏ இருக்கிறது, ஏழடி இல்லாமலே கல்யாணம் கல்யாணம்தான், குற்றமும் குற்றம்தான். பகுத்தறிவுக்காக எழுதிய பிரிவு ஒரு முதல் மனைவிக்கு இப்படி உதவும் என்று 1967இல் யாராவது நினைத்திருப்பார்களா என்று தெரியவில்லை, நினைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைக் கல்யாணங்கள் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த இருவர் ஊரைக் கூட்டி அறிவித்தால்தான் ஆயிற்று என்று கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்து, 7ஏ கேட்பதெல்லாம் நாலு பேர் முன்னிலைதான், வக்கீல்களும் நண்பராகவோ சாட்சியாகவோ அங்கே நிற்கலாம் என்பது சாரம். நல்ல தீர்ப்பு.

2024இல் வந்ததுதான் இப்போது பலருக்குத் தெரிய வேண்டியது. விமானிகளான ஒரு ஜோடி, சடங்கு எதுவும் செய்யாமல் ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிப் பதிவும் செய்துவிட்டார்கள், கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று. அதற்குள் உறவு கசந்துபோயிற்று. சடங்கு நடக்காதபோது பதிவுச் சான்றிதழ் மட்டும் இருவரைக் கணவன் மனைவி ஆக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாவுக்காக முன்கூட்டியே இப்படிப் பதிவு செய்வதையும் அது கண்டித்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில், முகூர்த்தம் தை மாதத்தில், விசா விண்ணப்பம் ஆடியிலேயே போட வேண்டும் என்று நம் பக்கத்திலும் இதே வழியில் ஓடுகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான், ஆனால் அது நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு. இந்து ஜோடி என்றால், பதிவு அலுவலகம் போவதற்கு முன்னால் வீட்டுக் கூடத்திலேயே நாலு சொந்தக்காரர்களை நிற்க வைத்து ஒரு மாலையாவது மாற்றிக்கொண்டு, படிவத்தில் அந்தத் தேதியையே எழுதுங்கள். தையில் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, தாலியைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.